எட்டும் முப்பதும்

பரீட்சைத் தாள் மொத்தம் பதினான்கு பக்கம். சின்னவள் வீட்டில் காட்டியது இரண்டே பக்கம்.

மற்ற பன்னிரண்டையும் பள்ளிக்கூட வாசலிலேயே பின்னைக் கழற்றித் தனியாக்கி, பையின் அடியில் விளையாட்டு உடுப்புக்குக் கீழே திணித்துவிட்டாள். காட்டிய இரண்டு பக்கங்களிலும் இருந்தது தப்புதான். ஆனால் அது இந்த வீட்டில் யாருக்கும் கோபம் வராத தப்பு.

வீட்டின் முன்னறையை அம்மாவின் வெட்டு மேசைதான் ஆண்டுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஆள் நடக்கவேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஜன்னல் திரைச்சீலை தைப்பது அம்மாவின் வேலை. சுவரில் துளை போட்டு, கம்பியைப் பொருத்தி, தைத்ததை மாட்டிவிட்டு வருவது அப்பாவின் வேலை. அளவெடுக்கப் போகும்போது சின்னவளையும் ஐந்து வயதிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார். டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்படியே அவளுக்கு ‘டேப்பு’ என்று பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்த வேலையில் முதல் பாடமே, பார்த்த அளவை அப்படியே எழுதக் கூடாது என்பது. ஜன்னல் இரண்டு மீட்டர் என்றால் துணி இரண்டு மீட்டர் இருபது. மேலே மடிக்கப் பத்து, கீழே மடிக்கப் பத்து. அப்பா வாயால் ‘இரண்டு’ என்று சொல்வார், சின்னவளின் கை ‘இரண்டு இருபது’ என்று எழுதும். பதினொரு வருஷமாக எழுதுகிற கை. பரீட்சையில் வந்த கேள்வியோ, மூன்று மீட்டர் உயரச் சுவர்களை, மொத்த நீளம் பதின்மூன்று மீட்டர், துணியால் மூடினால் பரப்பளவு என்ன என்று கேட்டது. அவள் கை மூன்று இருபது என்று போட்டுப் பெருக்கியது. பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘இந்த இருபது எங்கிருந்து வந்தது?’

அப்பா அதை வாசித்துவிட்டு மேசையில் கையை ஊன்றிச் சிரித்தார்.

“எங்கிருந்து வந்துச்சாம். மடிக்காம துணிய அப்படியே தொங்கவிடுவாங்களா அந்த டீச்சர் வீட்டுல?”

“அவங்க வீட்டு ஜன்னல நாம பாத்ததில்லையே. யாருக்குத் தெரியும்,” என்றாள் அம்மா, மிஷினிலிருந்து காலை எடுக்காமலே. “அடுத்தது என்ன?”

அடுத்தது ஒரு வட்ட மேசை. அதன் விளிம்பைச் சுற்றி ரிப்பன் ஒட்ட வேண்டும். விடை நானூற்று நாற்பது சென்டிமீட்டர். சின்னவள் நானூற்று நாற்பத்து நாலு என்று எழுதியிருந்தாள்.

“நுனி மேல நுனி ஏற நாலு விட்டிருக்கா,” என்றார் அப்பா.

“நானா இருந்தா அஞ்சு விட்டிருப்பேன்,” என்றாள் அம்மா. “நாலு கொஞ்சம் கஞ்சத்தனம்.”

ஒரு கேள்விக்கு நாலு மதிப்பெண். இரண்டும் சேர்த்து எட்டு. அப்பா காதிலிருந்து பென்சிலை உருவி, யாரோ ஒருவரின் ஜன்னல் அளவு எழுதிய சீட்டின் பின்பக்கம் அவள் வாங்கிய அறுபத்திரண்டையும் எட்டையும் கூட்டினார். எழுபது. கூட்டிய விடையின் கீழே இரண்டு கோடு போட்டார்.

எழுபது என்ற எண்ணுக்கு அந்த வாரம் வீட்டில் தனி மவுசு இருந்தது. மேல் வகுப்புக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் சாதாரணக் கணிதத்துக்கு ஒரு கட்டம், உயர்கணிதத்துக்கு ஒரு கட்டம். எழுபதும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் உயர்கணிதக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் போதும். அறுபதிலிருந்து எழுபதுக்குள் என்றால் அப்பாவோ அம்மாவோ வந்து டீச்சரோடு பேசி, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் கீழே என்றால் பேச்சே இல்லை.

“வியாழக்கிழமை நான் ஸ்கூலுக்கு வரேன்,” என்றார் அப்பா. “அந்த எட்டை வாங்கிட்டுத்தான் மறுவேலை.”

சின்னவள் தலையை ஆட்டினாள்.

அவளுக்கு அந்தக் கட்டம் வேண்டும். ஆசைக்குக் காரணமும் இருந்தது. போன வருஷம், பாதி கட்டி நின்ற ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தார்கள். அங்கே சுவரில் ஓட்டைதான் இருந்தது, ஜன்னல் வரவில்லை. வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், காலை வெயில் இந்த மூலைக்கு வர வேண்டும் என்றுதான் ஜன்னலை அரை மீட்டர் தள்ளி வைத்ததாக மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் எங்கே இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டி யோசிக்கிறார் என்பது சின்னவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. டேப்பின் நுனியைப் பிடித்தபடியே, இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். அவள் அந்நியரிடம் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெண் சொன்ன பதிலில் முதலில் வந்தது உயர்கணிதம். அது இல்லாமல் அந்தப் படிப்புக்கு விண்ணப்பமே வாங்க மாட்டார்கள்.

கட்டத்தில் கோடு போடாவிட்டால் அந்தக் கதவு இப்போதே மூடிவிடும். போட்டுவிட்டுத் தேறாவிட்டால் ஒரு வருஷம் மண்ணாகும். அது எப்படி ஆகும் என்று இந்த வீட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியவள் இருந்தாள்.

பெரியவள் மூன்று வருஷத்துக்கு முன் எண்பத்தெட்டு வாங்கினாள். யாரையும் கேட்காமல் உயர்கணிதத்தில் சேர்ந்தாள். எட்டு மாதம் போனாள், பிறகு தலைவலி என்றாள். தலைவலி நிற்கவே இல்லை. ஆண்டுப் பரீட்சையில் பத்தொன்பது. அதோடு புத்தகத்தை மூடியவள்தான், இப்போது ஒரு பல் மருத்துவமனையின் முன் மேசையில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அந்த வருஷத்தைப் பற்றி யாராவது பேச வேண்டி வந்தால் ‘அவளுக்குத் தலைவலி வந்த வருஷம்’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பெரியவள், துணி ஊறப்போட சின்னவளின் பையைத் திறந்து விளையாட்டு உடுப்பை இழுத்தாள். பன்னிரண்டு பக்கமும் கூடவே வந்தன.

சின்னவள் அறைக்குள் வந்தபோது அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு, மருத்துவமனை உடுப்பைக்கூட மாற்றாமல், ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கதவைச் சாத்துடி.”

சாத்தினாள்.

“எட்டு போச்சுன்னு வீடே கொண்டாடிக்கிட்டு இருக்கு. நூத்துல அறுபத்திரண்டு போனா முப்பத்தெட்டு. எட்டுக்குக் காரணம் அம்மாவோட மடிப்பு. மிச்ச முப்பதுக்கு யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?”

“மெதுவாக்கா. அம்மா காதுல விழும்.”

“மிஷின் ஓடுற வரைக்கும் அவங்க காதுல இடியே விழாது. இது என்ன, ரெண்டு பக்கம் வெறுமனே இருக்கு? எழுதவே இல்லையா?”

“தெரியல. அதனால எழுதல.”

“வகுப்புல கேட்டியா?”

“எல்லாரும் புரிஞ்ச மாதிரி இருந்தாங்க.”

பெரியவள் தாள்களைச் சேர்த்து மடியில் வைத்துத் தட்டி நேராக்கினாள். நேராக்கி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“நானும் அப்படித்தான் இருந்தேன்,” என்றாள். “புரிஞ்ச மாதிரி.”

சின்னவள் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தலைவலி எல்லாம் வரலடி. ரெண்டாவது வாரமே ஒரு மண்ணும் புரியல. சார் எழுதி முடிச்சுட்டு, புரிஞ்சுதான்னு கேப்பாரு. முதல்ல என்னைத்தான் பாப்பாரு. எண்பத்தெட்டு வாங்கின பொண்ணாச்சே. நான் தலைய ஆட்டுவேன். நான் ஆட்டினா அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாரு. இப்படியே எட்டு மாசம் ஆட்டினேன். நியாயமாப் பாத்தா கழுத்து வலிதான் வந்திருக்கணும்.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள அவர் ஸ்கூலுக்குப் போய், என் பொண்ணைப் பிழிஞ்சு எடுக்கிறீங்கன்னு அந்த சாரோட சண்டை போட்டுட்டாரு. சார் என்னைப் பாத்தாரு. நான் தரையைப் பாத்தேன். பாவம், அந்த மனுஷன் நல்லவரு. இப்பப் போய், அப்பா அது பொய்ப்பான்னு சொல்லச் சொல்றியா?” அவள் குரல் தாழ்ந்தது. “இது உனக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“விட மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பெரியவள் தாள்களை அவள் கையில் திணித்தாள்.

“இதை அப்பாகிட்ட காட்டு. இல்லையா, பேசாம சாதாரண மேத்ஸ் எடுத்துக்கிட்டு நிம்மதியாத் தூங்கு. ரெண்டுல ஒண்ணு. எட்டு மார்க்கை வாங்கி ஒட்டவெச்சுக்கிட்டு உள்ள போனேன்னு வை, எழுபது வாங்கினவன்னுதான் பாப்பாங்க. அப்புறம் வாயத் தெறக்க முடியாது.”

மறுநாள் ஒரு மாடி வீட்டில் திரைச்சீலை மாட்டும் வேலை இருந்தது. பள்ளி விட்டதும் சின்னவள் நேராக அங்கே போனாள். பன்னிரண்டு பக்கமும் பையில்தான் இருந்தன. அப்பா ஏணியில் நின்றுகொண்டு, கைக்குழந்தையோடு நின்ற வீட்டுக்காரப் பெண்ணிடம் எட்டு மதிப்பெண் கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது இதற்குள் மூன்று வீடு பார்த்துவிட்ட கதை. சொல்லச் சொல்ல அதில் மெருகு ஏறியிருந்தது.

“உங்க ஜன்னலையே எடுத்துக்குங்க,” என்றார். “இருபது விடாம தெச்சிருந்தா இன்னைக்கு முழங்கால் தெரியுற கவுனு மாதிரி நிக்கும்.”

“அப்போ மார்க்கைக் கேட்டு வாங்கிடுங்க,” என்றாள் அந்தப் பெண், குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே.

“விடுவேனா? என் பொண்ணு கணக்குல புலிங்க. அவ தப்பே எங்க தப்புதான்.”

சின்னவள் ஏணியைப் பிடித்திருந்தாள். அப்பாவின் செருப்பில்லாத கால் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் ட்ரில் மிஷினைச் சுவரில் வைத்து அழுத்தியதும் அறை முழுக்க இரைச்சல். அந்த இரைச்சலுக்குள், “அப்பா, மத்த பக்கத்துலயும் போயிருக்குப்பா,” என்று சொன்னாள். மிஷின் நின்றது.

“என்ன கண்ணு?”

“ஆணி வேணுமான்னு கேட்டேன்.”

அவர் கையை நீட்டினார். ஆணி கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் நாளைக்கு டீச்சரிடம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். இடையிடையே அவளைக் கேட்டார்: “இப்படிச் சொன்னா மரியாதைக் குறைவா இருக்குமா?” அவள் இல்லை என்றாள்.

வியாழக்கிழமை பள்ளி முடிந்த பிறகு ஆசிரியர் அறையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். கணக்கு டீச்சரின் மேசை ஜன்னலோரம். அப்பா துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார், ஆனால் டேப்பு பழக்கதோஷத்தில் பையிலேயே இருந்தது. ஒருவிதத்தில் நல்லதாகவும் போயிற்று. அவர் அதை உருவி, டீச்சரின் மேசை விரிப்பையே பிடித்து, மடிப்பு எங்கே போகிறது, மடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டினார். ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஆனாலும் நன்றாகவே பேசினார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஒரு விளக்கம் கிடைச்சதில்ல. இது தெரியாம எழுதின தப்பு இல்ல, தெரிஞ்சு எழுதினது. முறையும் சரியா இருக்கு. துணின்னு கேள்வி கொடுத்தது நான். மடிப்பைச் சேக்காதேன்னு நானும் சொல்லல.” மேசையில் இருந்த கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். “எட்டையும் போட்டுடுறேன். எழுபதுன்னு ஆயிடும். அப்புறம் நீங்க கையெழுத்துகூடப் போட வேண்டியதில்ல.”

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். சின்னவளைத் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

டீச்சரின் விரல் எண்களைத் தேடியது. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வந்த வேலை.

“வேண்டாம் டீச்சர்.”

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பையைத் திறந்து பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

அப்பா ஒவ்வொன்றாக எடுத்தார். புதுத் துணி வந்தால் எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது போலத்தான் பிடித்தார். சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு, வெறும் பக்கம், சிவப்புச் சுழியம், வெறும் பக்கம். அவருக்கு அதில் என்ன கேட்டிருக்கிறது என்பது புரிய வழியில்லை. சுழியம் புரியும்.

“இது எப்போ?” என்றார்.

“அதே பரீட்சைதான்பா.”

“அன்னைக்கு நீ காட்டல.”

“காட்டல.”

அவர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே சுருட்டியிருந்த டேப்பு. பக்கத்து மேசையில் ஒருவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டுப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி,” என்றார் டீச்சர். “அப்போ அறுபத்திரண்டாவே இருக்கட்டும். உனக்கு எது வேணும்? சாதாரணமா, உயர்கணிதமா?”

“உயர்கணிதம்.”

“முப்பது மார்க் புரியாமலா?”

“அதைக் கேக்கணும் டீச்சர்.”

“இப்பவா?”

அவள் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தாள். ஒன்றை x-ஆல் வகுத்தால் அது இரண்டைவிடச் சிறியது, அப்படியென்றால் x என்னவாக இருக்கலாம் என்பது கேள்வி. டீச்சர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி விளக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண்ணால் பெருக்கலாம், ஆனால் அது கழித்தல் எண்ணாக இருந்தால் சிறியது பெரியதாகிவிடும், குறி திரும்பும். இரண்டு ஐந்தைவிடச் சிறியது, ஆனால் கழித்தல் இரண்டு கழித்தல் ஐந்தைவிடப் பெரியது.

“புரிஞ்சுதா?”

சின்னவளின் தலை தன்னால் ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினாள்.

“இல்ல டீச்சர்.”

டீச்சர் ஒரு கோடு போட்டு, நடுவில் சுழியத்தை வைத்து, எண்களை இரண்டு பக்கமும் குறித்துக் காட்டினார். மறுபடி கேட்டார்.

“எண்ணு போட்டா புரியுது. x போட்டா புரியல.”

பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது வெளிப்படையாகவே இந்தப் பக்கம் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. தன் மகளைப் புலி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர்.

“x போட்டா என்ன புரியல?”

“அது கூட்டல் எண்ணா கழித்தல் எண்ணான்னே தெரியாதே டீச்சர். தெரியாம எப்படிப் பெருக்குறது? குறியைத் திருப்பணுமா வேண்டாமா?”

“அதுக்குத்தான் ரெண்டு தடவை போடணும். கூட்டல்னு வெச்சு ஒரு தடவை, கழித்தல்னு வெச்சு ஒரு தடவை. இது பெரிய கேள்வியெல்லாம் இல்லம்மா. வருஷா வருஷம் பாதிப் பேர் தடுக்கி விழற இடம். இப்பப் புரிஞ்சுதா?”

“முதல் பாதி புரியுது. ரெண்டாவது பாதி இல்ல.”

டீச்சர் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார், நாளைக்கு வா என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“ஒளிச்சுச் சொல்ல மாட்டேன். கஷ்டப்படுவா. அறுபத்திரண்டோட வந்தவங்கள்ல பாதிப் பேர் முதல் வருஷத்துலயே இறங்கிப் போயிருக்காங்க.”

“மத்தவங்க?”

“சமாளிச்சாங்க. பிரமாதமா வந்தாங்கன்னு சொல்ல மாட்டேன். சமாளிச்சாங்க.”

அப்பா படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பேனாவைப் பிடித்தவர் எழுதாமல் மகளைப் பார்த்தார்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி பெரியவளுக்கு இதுல என் கையெழுத்தே கேக்கல,” என்றார். டீச்சரிடம் சொன்னாரா அவளிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் கையெழுத்து எப்போதும் ஒரே இழுப்பு. இன்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடம் இருந்தும் அப்பா உட்காரவில்லை.

“மூணு தடவை இல்லன்னு சொன்னே.”

“ஆமாப்பா.”

“எனக்கு அங்க உக்கார முடியல தெரியுமா. பூமிக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு.” பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கக்கா இப்படி ஒரு தடவையாவது இல்லன்னு சொல்லியிருப்பாளா?” என்றார்.

சின்னவள் சாலையைப் பார்த்தாள்.

“அவ எதுக்கும் சரின்னுதான் சொல்லுவா. சின்ன வயசுலேர்ந்தே. சாப்பாடு போதுமான்னா போதும்பா. உடம்புக்கு என்னன்னா ஒண்ணுமில்ல.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “அது தலைவலிதானே?”

‘எனக்கு என்ன தெரியும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். உடனே சொல்லியிருந்தால் போதும். அவள் சத்தியத்தை நினைத்தாள், வாயைத் திறந்தால் எது வருமோ என்று பயந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகுதான் அந்த மூன்று சொல் வந்தது. அதற்குள் நேரம் கடந்திருந்தது. அப்பா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். பேருந்து வந்தது. ஏறினார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “எட்டு கிடைச்சுதா?” என்று கேட்டாள். அப்பா, “அப்புறம் சொல்றேன்,” என்றுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே பெரியவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தக் கதவை யாரும் சாத்தி சின்னவள் பார்த்ததில்லை.

அவள் அறைக்குள் போய் டீச்சர் கொடுத்த தாளை விரித்தாள். கூட்டல் எண் என்று வைத்துப் போட்டாள். x அரையைவிடப் பெரியது என்று வந்தது. கழித்தல் எண் என்று வைத்தாள், குறியைத் திருப்பினாள். x அரையைவிடச் சிறியது என்று வந்தது. சரி பார்க்க x-க்குக் கால் என்று போட்டாள். கால் அரையைவிடச் சிறியதுதான். ஒன்றைக் காலால் வகுத்தால் நாலு. நாலு எப்படி இரண்டைவிடச் சிறியதாகும்? மறுபடி போட்டாள். மறுபடி நாலு வந்தது.

சமையலறையில் தண்ணீர் நின்றிருந்தது. அப்பாவின் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. அக்காவின் குரல் கேட்கவே இல்லை. முன்னறையில் மிஷினும் நின்றுவிட்டது. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பெரியவள் அறைக்கு வந்தபோது கை இன்னும் ஈரமாக இருந்தது. துடைக்காமலே கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நான் வாயே தெறக்கலக்கா,” என்றாள் சின்னவள்.

“தெரியும். அப்பா சொன்னாரு. அவ ஒண்ணும் சொல்லல, அதுலயே தெரிஞ்சுடுச்சுன்னாரு.”

“அக்கா...”

“அந்த சார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கப் போறாராம். என்னையும் கூட வரச் சொல்றாரு.” அவள் ஈரக் கையை உடுப்பில் தேய்த்தாள். “மூணு வருஷம் கழிச்சு. போய் என்னன்னு சொல்றது?”

சின்னவள் பென்சிலைத் தாளின் மேல் வைத்தாள்.

“உனக்குக் கட்டம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“நல்லது,” என்றாள் பெரியவள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தூங்குகிற நேரமும் இல்லை, அவள் தூங்கவும் இல்லை. மூச்சிலேயே தெரிந்தது.

சின்னவள் தாளைப் பார்த்தாள். காலும் நாலும் அப்படியே இருந்தன. இந்த இடத்தில்தான் அக்காவும் முதல் தடவை தலையை ஆட்டியிருப்பாளோ என்று தோன்றியது. கேட்டால் சொல்லுவாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் படுத்திருந்தாள். சின்னவள் இரண்டு முறை அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கினாள்.